பத்தியம் கைக்குத்தான்

கண்புரை அறுவை முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது சாப்பாட்டைத்தான். திருவனந்தபுரத்தின் கரமனை அக்ரகாரத்து வீடுகளில் புளியும் கத்தரிக்காயும் ஆகாது என்பார்கள். சாலைக் கடைத்தெருப் பக்கம் போனால் ‘மீன் கூட்டப்படாது, புண்ணு பழுத்துப்போகும்’ என்பார்கள். ஒரு மண்டலம் தலைக்குத் தண்ணீர் விடக் கூடாது, குனியக் கூடாது, டிவி பக்கமே போகக் கூடாது என்று பட்டியல் நீளும். இத்தனையும் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அதே வீட்டில், காய் நறுக்கிய கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள். குப்பியின் முனை இமை முடியில் பட்டதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அறுவைக்குப் பிந்தைய நாலு முதல் ஆறு வாரங்களில் கண்ணைப் பறிக்கக்கூடிய ஆபத்துகளில் வீட்டில் தடுக்கக்கூடியது பெரும்பாலும் கை வழியாக, தண்ணீர் வழியாக, மருந்துக் குப்பியின் முனை வழியாக வருகிறது. சாப்பாட்டுத் தட்டுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. ஆகவே வீட்டில் எவ்வளவு கண்டிப்பு காட்ட முடியுமோ அவ்வளவையும் அந்த மூன்றின் மேல் காட்டுங்கள் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது.

பழைய பத்தியத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும் நியாயமில்லை. அது வேறொரு அறுவைக்காக ஏற்பட்ட பத்தியம். திருவனந்தபுரத்தில் அரசு கண் மருத்துவமனை 1905-ல் தொடங்கியது. ஊரார் கண்ணாசுபத்திரி என்று சொல்கிற, இன்று மண்டலக் கண் மருத்துவ நிலையமாக இருக்கிற இடம் அதுதான். அந்தக் காலத்தில், உலகத்தில் எங்கே போனாலும், புரை எடுப்பதென்றால் கருவிழியின் விளிம்பில் ஏறக்குறைய பாதி வட்டத்துக்கு, 10 மில்லிமீட்டருக்கும் மேலாக வெட்டித் திறந்துதான் எடுத்தார்கள். நுண்ணிய தையல் வழக்கத்துக்கு வராத நாட்களில் நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, தலை அசையாமலிருக்க இருபுறமும் மணல் மூட்டை வைப்பதுண்டு. ஒரு பலத்த தும்மலில் காயம் பிளந்து கண்ணின் உள்ளிருப்பதே வெளியே தள்ளிவிடும் என்ற பயம் மெய்யான பயம். மெல்லத் தேவையில்லாத கஞ்சி கொடுத்ததற்கும், முக்கவிடாமல் பார்த்துக்கொண்டதற்கும், தலைக்குக் குளிக்க விடாததற்கும் அன்றைக்கு அர்த்தம் இருந்தது. பிறகு 1949-ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். 1967-ல் அமெரிக்காவில் சார்லஸ் கெல்மன் ஒலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். ஃபேகோ என்று சொல்லும் அந்த முறையில் இன்று வெட்டு 2 முதல் 3 மில்லிமீட்டர். கையால் செய்யும் சிறு துளை முறையில் 6, 7 மில்லிமீட்டர். இரண்டிலும் பெரும்பாலும் தையல் கிடையாது, காயம் தானாகவே மூடிக்கொள்ளும்படி சாய்வாக வெட்டுகிறார்கள். வெட்டு சுருங்கிவிட்டது, பத்தியம் மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது.

தையலே இல்லாத சின்னக் காயம் என்றால் கவலையே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், ஆனால் கவலைப்படும் இடம் மாறியிருக்கிறது. தானாக மூடிக்கொள்ளும் காயம், கண்ணின் உள்ளழுத்தம் சரியாக இருக்கும்வரைதான் இறுக்கமாக மூடியிருக்கும். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த கண்களிலும் முயல் கண்களிலும் இத்தகைய வெட்டைப் போட்டு, கண்ணின் மேல் மையைத் தடவி, உள்ளழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். அழுத்தம் குறைந்தபோது வெட்டின் உதடுகள் விலகி மை உள்ளே கசிந்தது. கண்ணைக் கசக்கும்போதும், இமையை அழுத்திப் பிடிக்கும்போதும் நடப்பது இதே மாதிரியான அழுத்த மாற்றம்தான். அந்தச் சமயத்தில் கண்ணின் மேற்பரப்பில் எது இருக்கிறதோ அதுவே உள்ளே போகும். அங்கே இருப்பது சுத்தமான கண்ணீரா, குளியல் தண்ணீரா, அழுக்கு விரல் விட்டுப்போன கிருமியா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நேற்று சாப்பிட்ட அயலைக் குழம்பு அங்கே வந்து சேர வழியில்லை.

‘நாங்களெல்லாம் பத்தியம் இருந்துதான் கண் பிழைத்தது’ என்று பெரியவர்கள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது? அவர்கள் சொல்வது பொய்யில்லை. பத்தியம் இருந்தார்கள், கண்ணும் பிழைத்தது. ஆனால் பத்தியம் இல்லாதவர்களுக்கும் பிழைத்தது. மதுரையில் 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமம் தன் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட புரை அறுவைகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. அறுவையின் முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் செலுத்தாதபோது உட்புறத் தொற்று 10,000 பேரில் ஏறக்குறைய 7 பேருக்கு வந்தது. மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் செலுத்தத் தொடங்கியபின் 2 பேருக்கு. இவ்வளவு அபூர்வமாக வருகிற ஒன்றை ஒரு குடும்பத்தின், ஒரு தெருவின் அனுபவத்தை வைத்து அளக்க முடியாது. மீன் சாப்பிட்டவர், சாப்பிடாதவர், எலுமிச்சை ஒதுக்கியவர், ஒதுக்காதவர் எல்லோருமே நல்லபடியாகத்தான் இருப்பார்கள். ஒவ்வொருவரும் தாம் செய்ததுதான் காப்பாற்றியது என்று நம்புவார்கள். எது காப்பாற்றுகிறது என்பதைப் பல ஆயிரம் கண்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்த்த ஆய்வுகள் கிருமியைத்தான் கைகாட்டுகின்றன. 2007-ல் முழு வடிவில் வெளியான ஐரோப்பிய ஆய்வும், 16,000 பேர் அளவில், கண்ணுக்குள் செலுத்திய ஆன்டிபயாடிக் தொற்றை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகக் குறைத்ததையே காட்டியது.

இங்கே எதிர்க் கேள்வி எழுவது இயல்பு: 10,000-ல் இரண்டு பேருக்கு வருவதற்காகக் கையைக் கழுவு, குப்பியைத் தொடாதே என்று ஆர்ப்பாட்டம் எதற்கு? முதல் பதில், அந்த இரண்டு என்பது சும்மா கிடைத்த எண் அல்ல. கிருமி நீக்கிய அறை, கருவிகள், மருந்து, இமையின் சுத்தம் எல்லாம் சேர்ந்து கிடைத்தது. அறுவை அறையில் காத்த ஒழுங்கை வீட்டு வாசலில் கைவிட்டால் பாதிக் காவல் போயிற்று. இரண்டாவது பதில் இன்னும் முக்கியமானது. சொட்டு மருந்தின் வேலை தொற்றைத் தடுப்பதோடு முடிவதில்லை. அறுவைக்குப் பின் கண்ணுக்குள் அழற்சி ஓரளவு எல்லோருக்கும் வரும். அதை அடக்கத்தான் ஸ்டீராய்டு சொட்டு. அடக்காவிட்டால் விழித்திரையின் மையத்தில் நீர் கோத்து, தெளிந்த பார்வை மறுபடி மங்கலாம். நீரிழிவுக்காரர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். ஆக மருந்து சரியாகக் கண்ணில் விழுகிறதா என்பது ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய கேள்வி.

அது சரியாக விழுவதில்லை என்பதுதான் வருத்தம். கனடாவில் 54 நோயாளிகளைக் கவனித்து 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அதுவரை சொட்டு மருந்தே விட்டுப் பழகாதவர்கள், புரை அறுவை முடிந்த மறுநாள் தாமே மருந்து விடுவதைப் பார்த்தார்கள். 92.6 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விதத்தில் தவறாக விட்டார்கள். 78 சதவீதம் பேர் கை கழுவவில்லை. 57.4 சதவீதம் பேர் குப்பியின் முனையை எதிலாவது தொட வைத்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருந்து கண்ணிலேயே விழவில்லை. ஆய்வில் கலந்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முனை ஒருபோதும் கண்ணில் படவில்லை என்று மனமார நம்பினார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ‘எனக்குத் தெரியாதா’ என்ற நம்பிக்கை இங்கே உதவாது. ஒருவர் விடும்போது இன்னொருவர் அருகில் நின்று பார்க்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் கேரள மக்கள்தொகையில் 12.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். இந்திய மாநிலங்களில் அதுவே மிக அதிகம். பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருக்க, வீட்டில் இருவர் மட்டும் இருக்கிற குடும்பங்கள் திருவனந்தபுரத்தில் ஏராளம். நடுங்குகிற கை, மூட்டு வலிக்கிற கைதான் குப்பியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, அந்தரத்தில் குப்பியைப் பிடிக்கிற முறையை விட்டுவிடுங்கள். முதலில் சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் கழுவுங்கள். சுத்தமான துண்டில் துடையுங்கள், முந்தானையிலோ வேட்டியிலோ வேண்டாம். கட்டிலில் தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுங்கள். குப்பியின் மூடியைக் கழற்றி, அதன் உட்புறம் எதிலும் படாதபடி சுத்தமான தட்டில் பக்கவாட்டில் வையுங்கள். இடது கையின் ஆள்காட்டி விரலைக் கீழிமைக்குக் கீழே, கன்னத்து எலும்பின் மேல் வைத்து, தோலை மெல்லக் கீழே இழுங்கள். விரல் எலும்பில் அழுந்தட்டும், கண்விழியில் அழுத்தம் படவே கூடாது. கீழிமைக்கும் வெள்ளை விழிக்கும் நடுவே சிறு பள்ளம் தெரியும். நடுங்கும் கைக்குத் துணையாக, குப்பி பிடித்த கையின் மணிக்கட்டை நெற்றியில் ஊன்றிக்கொள்ளுங்கள். முனை கண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கட்டும். கண்ணை மேலே கூரையைப் பார்க்க வைத்து ஒரே ஒரு சொட்டு. கண்ணை மெல்ல மூடி, மூக்கோரத்து மூலையை எலும்போடு சேர்த்து ஒரு நிமிடம் லேசாக அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து கண்ணீர்க் குழாய் வழியாகத் தொண்டைக்கு ஓடாமல் கண்ணிலேயே நிற்கும். கண்ணை இறுக்கி மூடினாலும் கசக்கினாலும் மருந்து வெளியேறிவிடும்.

இரண்டு சொட்டு விட்டால் சீக்கிரம் ஆறும் என்று நினைப்பவர்கள் பலர். அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டுக்கே முழு இடம் இல்லை. இரண்டாவது கன்னத்தில் வழிவதோடு முதல் சொட்டையும் அடித்துக்கொண்டு போகும். இதனால்தான் இரண்டு மருந்துகளுக்கு நடுவே குறைந்தது ஐந்து நிமிடம் விடச் சொல்கிறார்கள். பால் போல வெண்மையாக இருக்கும் ஸ்டீராய்டு மருந்தில் மருந்துத் துகள்கள் அடியில் படிந்துவிடும். நன்றாகக் குலுக்காமல் விட்டால் முதல் வாரம் வெறும் தண்ணீரும் கடைசி வாரம் கெட்டி மருந்தும் போகும். ஸ்டீராய்டை ஒரு நாளைக்கு ஆறு, நான்கு, மூன்று என்று மருத்துவர் எழுதிய கணக்கில்தான் குறைக்க வேண்டும். கண் தெளிந்துவிட்டது என்று பத்தாம் நாள் நிறுத்துகிறவருக்கு அழற்சி திரும்பலாம். ‘நல்ல மருந்து’ என்று கடையில் மறுபடி வாங்கி மாதக்கணக்கில் விடுகிறவருக்குக் கண்ணழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பு கெட்டுப்போகலாம். என்னைக் கேட்டால், மருந்துக் கடையில் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு சொட்டு கிடைப்பதைவிட ஆபத்தான வசதி இந்த விஷயத்தில் வேறில்லை. திறந்த குப்பியை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். குப்பி கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023-ல் அமெரிக்கா பார்த்தது போதும். சென்னைப் பக்கத்து ஆலையில் தயாரான கண்ணீர்ச் சொட்டோடு தொடர்புபடுத்தப்பட்ட சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது. நால்வர் இறந்தார்கள், பலருக்குப் பார்வை போனது.  சாதாரணக் கண்ணீர்ச் சொட்டிலேயே இவ்வளவு ஆபத்து என்றால், காயமுள்ள கண் எவ்வளவு கவனம் கேட்கும் என்று யோசியுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பெரியவர்களின் விலக்கு, காரணம் மாறினாலும், சரியாகவே இருக்கிறது. தலைக்குத் தண்ணீர் விட்டால் கண்ணில் ‘குளிர்ச்சி இறங்கும்’ என்பது காரணமில்லை. தண்ணீரில் உயிர் இருக்கிறது என்பதுதான் காரணம். நகரத்துக் குழாயில் வருவது அருவிக்கரையில் சுத்திகரித்த கரமனை ஆற்றுத் தண்ணீர், குடிக்கத் தகுந்ததுதான். ஆனால் குடிநீர் வேறு, கிருமியே இல்லாத நீர் வேறு. கிணறும் குளமும் சொல்லவே வேண்டாம். அங்கே பாக்டீரியாவோடு, கருவிழியைத் தின்னும் அகந்தமீபாவும் இருக்கலாம். தினமும் விடியற்காலையில் தலைமுழுகாமல் அன்றாடம் தொடங்காத ஊரில் இது பெரிய சங்கடம் என்பது உண்மையே. கழுத்துக்குக் கீழே குளிப்பதற்கு மறுநாளே தடையில்லை; குளிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்த முகம் இமைக்கு அழுக்கை இறக்கும். முகத்தை ஈரத் துணியால், கண்ணை விட்டுவிட்டுத் துடைக்கலாம். மருத்துவர் அனுமதித்தபின், பொதுவாக ஒரு வாரம் பத்து நாள் கழித்து, சலூனில் செய்வதுபோல் தலையைப் பின்பக்கம் சாய்த்து இன்னொருவர் தலையை அலசிவிடலாம். நெற்றியில் சந்தனம், பஸ்மம் வேண்டாம். வியர்வையோடு நேரே கண்ணில்தான் இறங்கும். குளத்து முழுக்குக்கு ஒரு மாதமாவது பொறுத்திருங்கள். கும்ப மாதத்தில் அறுவை செய்துகொள்ளும் பெண்கள் ஆற்றுக்கால் பொங்காலையை நினைவில் வைத்து நாள் குறிப்பது நல்லது. பல கிலோமீட்டர் தூரத்துக்குத் தெருவெங்கும் ஓலை அடுப்பு எரியும் நாளில், புதுக் காயமுள்ள கண்ணோடு அடுப்பின் முன் உட்காருவதை அம்மனும் கேட்க மாட்டாள். நேர்ச்சையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம்.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு கேள்வி இளநீர்க்குழம்பு. கண்ணுக்கு நல்லது என்று தலைமுறைகளாக விட்டுவரும் ஆயுர்வேத மருந்து, எரிச்சலூட்டிக் கண்ணீரை வடியவைத்துச் சுத்தம் செய்யும் என்பது அதன் பெருமை. 1889-ல் தொடங்கிய அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிற நகரத்தில் ஆயுர்வேதத்தைக் குறைத்துப் பேச யாருக்கும் மனம் வராது, பேசவும் வேண்டாம். ஆனால் எந்த வைத்திய முறையின் மருந்தானாலும், திறந்த காயத்தின் மேல் விடப்படுவது கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். எரிச்சலூட்டி இமையை இறுக மூடவைப்பதாக இருக்கக் கூடாது. இரண்டு காரணத்தாலும் இந்த ஆறு வாரத்தில் இளநீர்க்குழம்பு, தேன், தாய்ப்பால், கண்மை எதுவும் கண்ணருகே வரக் கூடாது. கர்க்கடக மாதத்து எண்ணெய்த் தேய்ப்பும் மூக்கில் மருந்து விடும் நஸ்யமும் வேண்டுமானால் கண் மருத்துவர் முழுச் சம்மதம் கொடுத்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தியத்தால் பலன் இல்லாவிட்டாலும் கேடு இல்லையே என்பதுதான் கடைசியாக மிஞ்சும் வாதம், அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. கேரளத்தில் புரைக்கு வருகிற வயதில் நீரிழிவு இல்லாதவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மூன்று வேளையும் அரிசிக் கஞ்சியும் சுட்ட பப்படமும் கொடுத்தால் சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரை காயத்தை ஆறவிடாது, தொற்றுக்கு வழி திறக்கும். புண் ஆறப் புரதம் வேண்டும். மீன், முட்டை, பயறு, கீரை எல்லாம் சாப்பிட வேண்டியவை. நாள் முழுக்கப் படுக்கவைத்தால் கால் வலுவிழந்து, எழுந்து நடக்கும்போது விழுவார்கள். ஒரு கண்ணில் கவசத்தோடு மழைக்காலப் பாசி பிடித்த முற்றத்தில் வழுக்கி விழுவது, வாசிப்பதைவிடப் பல மடங்கு ஆபத்து. வாசிப்பதாலும் டிவி பார்ப்பதாலும் லென்ஸ் நகராது, கண் களைத்தால் நிறுத்திக்கொள்ளலாம். குனிவதைப் பற்றிய விதிகளுக்கு ஆய்வு ஆதாரம் அவ்வளவு உறுதியாக இல்லை. செருப்பு மாட்டக் குனிவதில் தவறில்லை, தண்ணீர்க் குடம் தூக்குவதை ஓரிரு வாரம் தவிருங்கள். இரவில் மட்டும் ஒரு வாரமாவது பிளாஸ்டிக் கவசத்தை மைக்ரோபோர் பிளாஸ்டரால் ஒட்டிக்கொண்டு தூங்குங்கள், ஏனென்றால் தூக்கத்தில் கண்ணைக் கசக்கும் கைக்குப் பத்தியம் தெரியாது.

முதல் சில நாட்கள் மணல் விழுந்ததுபோல் உறுத்துவதும், லேசாகச் சிவப்பதும், நீர் வடிவதும், வெளிச்சம் கூசுவதும், வெள்ளைச் சுவர் நீலம் கலந்து தெரிவதும் சாதாரணம். நாளுக்கு நாள் குறைகிறதா என்பதுதான் அளவுகோல். தெளிந்த பார்வை மங்குவது, வலியும் சிவப்பும் கூடுவது, பீளை, இமை வீக்கம், மின்னல் வெட்டு, புதிதாகப் பறக்கும் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை விழுவதுபோல் தெரிவது இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. உட்புறத் தொற்று பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் தலைகாட்டும். அதில் மணிநேரங்கள் கணக்கு. களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவிலில் இருந்து வந்து அறுவை செய்துகொண்டவர்கள் ‘திங்கட்கிழமை ஓ.பி.க்குப் போகலாம்’ என்று ஒத்திப்போடுவது வழக்கம். ஞாயிறு இரவானாலும் அறுவை செய்த இடத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எட்டமுடியாவிட்டால் அருகிலுள்ள கண் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் எல்லாக் குப்பிகளையும் கையோடு கொண்டுபோங்கள். சிவப்புக்கு என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விட்டுப் பார்க்கும் ஒரு நாள்தான் பல கண்களை இழக்கவைக்கிறது. வலியே இல்லாவிட்டாலும் மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று குறித்துக் கொடுத்த செக்கப்பைத் தவறவிடாதீர்கள். கண்ணழுத்தம் ஏறியதை அங்கேதான் கண்டுபிடிப்பார்கள்.

கண்ணாடியை நாலு முதல் ஆறு வாரம் கழித்து, காயம் நிலைத்தபின் எழுதி வாங்கினால் போதும். முன்கூட்டியே வாங்கினால் பவர் மாறிவிடும். மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால், புரை திரும்பவும் வளர்ந்துவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. லென்ஸைத் தாங்கும் பின்படலம் மங்கியிருக்கலாம். அதை லேசர் கொண்டு சில நிமிடங்களில் சரிசெய்வார்கள். இன்னொரு கண்ணுக்கும் அறுவை முடிவானால் புதுக் குப்பிகளை வாங்குங்கள். முதல் கண்ணுக்கு வாங்கி மிச்சமிருக்கும் மருந்தை, பாதிக்கு மேல் இருந்தாலும், அதற்குள் கொட்டிவிட்டிருக்க வேண்டும்.